‘ரகசியத் தகவலின் பேரில்’ என்று எழுதுவதற்கு முன்

ராமநாதபுரம் கடற்கரையில் கடத்தலைத் தடுக்கும் பொறுப்பில் இருக்கிற வருவாய் புலனாய்வு, சுங்கத்துறை, போதைப்பொருள் தடுப்பு, கடலோரக் காவல் படை, மெரைன் போலீஸ், கியூ பிரிவு போலீஸ், வனத்துறை அதிகாரிகள் எல்லோருக்கும் வணக்கம்.

பேப்பரில் எங்கள் பக்கத்துச் செய்தி வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ‘இலங்கைக்குப் படகில் கடத்தப்பட இருப்பதாகக் கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் போலீசார் ரோந்து சென்றனர்.’ அப்புறம் எத்தனை மூட்டை பீடி இலை, எத்தனை கிலோ கஞ்சா, எத்தனை லட்சம் மதிப்பு, தப்பி ஓடியவர்கள் எத்தனை பேர் என்று போகும். படிக்கிறவர்கள் மூட்டைக் கணக்கைப் பார்ப்பார்கள். எனக்குக் கண் அந்த ‘ரகசியத் தகவல்’ என்ற இடத்திலேயே நின்றுவிடும். அதைச் சொன்னவன் இன்றைக்கு ராத்திரி தன் வீட்டில்தான் தூங்குகிறானா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

நான் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் ஓர் ஐஸ் கம்பெனியில் 31 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்த மடலின் கீழே என் பெயர் இருக்காது. ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

ஐஸ் கம்பெனிக் கணக்கு என்றால் பார் கணக்கு, அதாவது ஐஸ் கட்டிக் கணக்கு. எந்தப் படகு, எத்தனை பார், ரொக்கமா கடனா, இவ்வளவுதான் என் நோட்டு. ஆனால் அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் கடலில் நடப்பது பாதி தெரியும். மீனுக்குப் போகிற விசைப்படகுக்கு ஐஸ் இல்லாமல் முடியாது. ஒரு படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வாங்குகிறது, டீசல் நிரப்புகிறது, ஆனால் ஐஸ் எடுக்காமல் போகிறது என்றால் அது எதற்குப் போகிறது? விடியலில் போய் எட்டு மணிக்குக் கரை சேர்கிற வத்தை என்கிற சின்னப் படகுக்கு ஐஸ் தேவையில்லை, அது வேறு. நான் சொல்வது ராத்தங்கிப் போகிற படகை. திரும்பி வரும்போது வலை காய்ந்தபடி மடித்த இடத்திலேயே கிடக்கும். ஏலம் கூறுகிறவருக்கும் அது தெரியும்: அந்தப் படகு ஒரு மாதமாக ஒரு கூடை மீன் இறக்கவில்லை, ஆனால் புது எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள். டீசல் ஊற்றுகிற பையனுக்குத் தெரியும். வலை பொத்துகிற பெரியவருக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் படகிலிருந்து கிழிந்த வலை அவரிடம் வருவதே இல்லை.

இதையெல்லாம் எழுதினால் கடத்துகிறவன் நாளைக்கு நாலு பார் வாங்கிப் போட்டுக்கொண்டு போவானே என்று என் மகள் கேட்டாள். போகட்டும். கரைக்குத் தெரிகிற அடையாளம் இது ஒன்றுதானா?

இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குத் தடை போட்ட சமயம் நினைவிருக்கும். எங்கள் மாவட்டம் முண்டு மிளகாய் காய்கிற மண், பனை நிற்கிற மண். மஞ்சள் மூட்டை ஏற்றிய லாரி இங்கே வந்து கடற்கரை ஊரில் குடோன் வாடகைக்குக் கேட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. மளிகைக் கடைக்காரர்கள் முதல் வாரமே பேசிக்கொண்டார்கள். கடல் அட்டையும் அப்படித்தான். 2001-ல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். இந்தப் பக்கம் தொட்டாலே குற்றம், அந்தப் பக்கம் உரிமம் வாங்கினால் பிடிக்கலாம். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத கடலுக்கு இரண்டு கரையிலும் இரண்டு சட்டம் என்றால் நடுவில் ஒருவன் பணம் பார்க்கத்தான் செய்வான். ஆனால் அட்டையைப் பிடித்தால் மட்டும் போதாது, அவிக்க வேண்டும், உலர்த்த வேண்டும். அவிக்கிற வாடையை மறைக்க முடியாது. எந்தக் கருவேலங்காட்டுக்குள் புகை எழுகிறது என்று விறகு பொறுக்கப் போகிற பெண்கள் சொல்வார்கள்.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடல்பாசிகளை எடுத்துப் பிழைத்தவர்கள் எங்கள் பெண்கள். 1986-ல் அது தேசியப் பூங்கா ஆனது. அதற்குப் பிறகு பாசிக்குப் போகிற பெண் பாதி நாள் பயந்துகொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறாள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, கல்லுக்கிடையில் மூச்சடக்கிக் கிடக்கிற அவளுக்குத் தெரியாத தீவு மூலை கிடையாது. எந்த மணலில் புதிதாகத் தோண்டிய தடம் இருக்கிறது, எந்தப் புதரில் பொட்டலம் கிடக்கிறது என்று அவள் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் சீருடை போட்ட ஆள் வருகிற படகைக் கண்டதும் தலையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்கிறவள், அன்றைக்கு மாலை அதே சீருடைக்குப் போன் போட்டுத் தகவல் சொல்வாளா? பாசிக்கு அபராதம் கட்டியவள், அடுத்த மாதம் கஞ்சா மூட்டையைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரித்தான் வருவாள்.

உங்களிடம் கருவிகள் இருக்கின்றன, தெரியும். மண்டபத்தில் கடலோரக் காவல் படை நிலையம் இருக்கிறது, மணல் திட்டில்கூட ஏறிப் போகிற ஹோவர்கிராஃப்ட் இருக்கிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருக்கிறது. கரையெல்லாம் ரேடார். போனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், அதை மறுபடி ஒரு குழு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே முறை வகுத்திருக்கிறது. பணம் போகிற வழியைப் பார்க்க 2004 முதல் நிதிப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் புரண்டால் வங்கி அங்கே சொல்ல வேண்டும். எல்லாம் சரி. ஆனால் எங்கள் கரையில் சரக்கு போவது சின்ன ஃபைபர் படகில். நூறு படகுக்கு நடுவில் ஒரு படகு. ரேடாரில் அது ஒரு புள்ளி, அந்தப் புள்ளிக்குள் மீன் கிடக்கிறதா மூட்டை கிடக்கிறதா என்று ரேடார் சொல்லாது. உண்டியல் என்கிற ஹவாலா பணம் வங்கிக்குள் வருவதே கிடையாது. எந்தப் போனைக் கேட்பது என்றாவது யாரோ ஒரு மனிதன் முதலில் சொல்லியாக வேண்டும் இல்லையா? அந்த மனிதன் எங்கள் தெருவில் இருக்கிறான்.

இப்போது அவனுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், கச்சான் காற்று ஓய்ந்த சமயம். எனக்கு உறவுப் பையன் ஒருவன், நண்டு வலை வைத்துப் பிழைக்கிறவன். ஒருநாள் அதிகாலை வலை எடுக்கப் போனபோது தாழம்புதருக்குப் பின்னால் ஈரச்சாக்கு போட்டு மூடிய பொதிகளைப் பார்த்திருக்கிறான். பக்கத்தில் எண் அழித்த ஃபைபர் படகு. யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தவன் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டான். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப்போவதில்லை, அது இந்த மடலின் நோக்கமும் இல்லை. எடுத்தவர் பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார். இவன் எல்லாவற்றையும் சொன்னான். அரசாங்கத்திடம்தானே சொல்கிறோம் என்ற நம்பிக்கை.

மறுநாள் காலை ஏழு மணி. தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். குடங்கள் வரிசையாக இருக்கின்றன, பத்துப் பதினைந்து பெண்கள் நிற்கிறார்கள். ஜீப் வந்து குழாயடியில் நின்றது. முன்சீட்டில் இருந்தவர் தலையை வெளியே நீட்டி, பையன் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டார். யாரோ கை காட்டினார்கள். அவன் கைலியோடு வெளியே வந்தான். அவர் அங்கிருந்தபடியே கேட்டார்: “நீதானே நேத்து போன் பண்ணது? இடம் எங்கே, வந்து காட்டு.”

அந்த நிமிடம் குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்ததாம், யாரும் குழாயை மூடவில்லை என்று அவன் அம்மா சொல்வார். ஜீப் போய்ச் சேர்ந்தபோது புதருக்குப் பின்னால் ஈரச்சாக்கு மட்டும்தான் கிடந்தது. சரக்கு முந்தின ராத்திரியே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அவன் நண்டு வலை முழுவதையும் கடலுக்குள்ளேயே அறுத்துவிட்டிருந்தார்கள். மிதவையில் ஒரு முழம் கயிறு தொங்கிற்று, அவ்வளவுதான். வலை கடன் வாங்கிப் போட்டது. வீட்டுக்கு வந்து யாரும் மிரட்டவில்லை. டீக்கடையில் ஒருவன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கச்சி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று மட்டும் அன்பாக விசாரித்தானாம். அந்த வாரமே அவன் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். இன்னும் கோயில் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை.

ஊரில் அவனுக்கு இன்றைக்கும் பெயர் ‘ஆள்காட்டி’. வயல்வெளியில் ஆள் நடமாட்டம் கண்டால் கத்துகிற குருவிக்கு அந்தப் பெயர். குருவி தன் முட்டையைக் காப்பாற்றத்தான் கத்துகிறது. இவனும் ஊரைக் காப்பாற்றத்தான் கத்தினான்.

சட்டத்தைத் தேடிப் படித்தேன், என் மகள் உதவினாள். குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ் அதிகாரியையோ வருவாய் அதிகாரியையோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 131-வது பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்திலும் இது இருந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 68-வது பிரிவாகத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நீதிபதி கேட்டாலும் அதிகாரி வாயைத் திறக்க வேண்டாம் என்பது அதன் பொருள். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது, பிறகு வலித்தது. நீதிமன்றத்தில் திறக்க வேண்டாத வாய் குழாயடியில் ஏன் திறந்தது? அதிகாரி தானாகத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பிரிவுகளில் எங்கும் எழுதவில்லை.

சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018-ல் வந்தது, உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதும் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. நல்ல காரியம். ஆனால் மனு, மிரட்டல் எந்த அளவு என்று போலீஸ் அறிக்கை, அதன் மேல் உத்தரவு என்று நடக்கிற அந்த முறை, நீதிமன்றப் படியேறிச் சாட்சி சொல்லப் போகிறவனை மனதில் வைத்துச் செய்தது. ஒரு போன் பேசிவிட்டு மறுநாளும் அதே கடலுக்குப் போக வேண்டியவன் கைக்கு அது எட்டவில்லை. வெகுமதி என்பீர்கள். பறிமுதல் மதிப்பில் 20 சதவீதம் வரை தரலாம் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது, ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2003-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அது போகட்டும். எங்கள் ஊரில் திடீரென்று ஒருவன் புது பைக் வாங்கினாலே அவன் தலைக்கு விலை. பணத்துக்காக இங்கே யாரும் சொல்வதில்லை. தம்பி கஞ்சாவுக்குப் போய்விட்டான், மாப்பிள்ளை ஐஸ் என்கிற மெத் போதையில் வீட்டை உடைக்கிறான் என்று அழுதுதான் சொல்கிறார்கள். 31 வருடம் நான் விற்ற பொருளின் பெயரைச் சொல்லி இன்று ஒரு தாய் என் மேஜைக்கு முன்னால் நின்று அழுகிறாள்.

வருவாய் புலனாய்வில் தகவல் தருகிறவர் பெயரை வெளியே காட்டாமல், கைரேகையை வாங்கி மூடி முத்திரையிட்டு வைக்கிற வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதில் ஒரு ஞானம் இருக்கிறது. பெயர் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை வாய். போன் எடுத்தவர், எழுதியவர், டிரைவர், அவர் மச்சான். எங்கள் கரையில் உங்கள் அலுவலகத்துக் காவலருக்கும் எங்கள் ஊர்க்காரனுக்கும் சொந்தம் இருக்கும், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அது குற்றம் இல்லை. ஆனால் அதை மறந்துவிட்டு வேலை செய்தால் பையன் வலை அறுபடும். சாதாரணக் காவல் நிலையத்திலும் தகவல் ஒருவர் கையோடு நிற்க வேண்டும், அவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவரிடம் பெயரைக் கொடுக்கலாமா என்று தகவல் சொன்னவனிடமே முதலில் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

பத்திரிகைக் குறிப்பையும் கொஞ்சம் யோசியுங்கள். ‘நள்ளிரவு 1 மணிக்கு இன்ன கடற்கரையில், இன்ன தோப்பில் பதுக்கியிருப்பதாகத் தகவல் கிடைத்து’ என்று அச்சில் வந்தால், ஒரு மணிக்கு அந்தத் தோப்புப் பக்கம் யார் போயிருப்பான் என்று கணக்குப் போட அவர்களுக்கு ஐந்து நிமிடம் போதும். அன்றைக்கு அந்தப் பக்கம் கரைவலை இழுத்தவர்கள் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கும் ஆபத்து. ரோந்தில் கண்டோம் என்று மட்டும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? பறிமுதல் செய்த மூட்டைகளுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிற படத்தை நாங்கள் பெருமையோடுதான் பார்க்கிறோம். அந்தப் படத்துக்கு வெளியே ஒருவன் நிற்கிறான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்று, யாரிடம் சொல்வது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மெரைன் போலீசுக்கு 1093. போதைப்பொருளுக்கு 1933. கடல் அட்டை என்றால் வனத்துறை. தங்கம் என்றால் சுங்கமும் வருவாய் புலனாய்வும். அகதிகளைக் கொண்டுவந்து விட்டால் கியூ பிரிவு. ஆனால் கடத்துகிறவன் இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளவில்லையே! போகும்போது கஞ்சாவும் பீடி இலையும், வரும்போது தங்கம். 2022-ல் இலங்கையில் சோற்றுக்கே வழியில்லாமல் கைக்குழந்தையோடு வந்தவர்களைத் தனுஷ்கோடி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனதும் இதே மாதிரிப் படகுகள்தான். டெல்லியில் எல்லா அமைப்புகளின் தகவலையும் ஒன்றாகச் சேர்க்க 2001 முதல் பல்முகமை மையம் இருக்கிறது என்கிறார்கள். மேலே சேர்வது இருக்கட்டும், கீழே சேர வேண்டாமா? எங்கள் கரையில் ஒரே வாரத்தில் மூன்று இடத்து ஆட்கள் வந்து ஒரே ஆளைத் தேடிக் கேட்பார்கள். மூன்று பேர் வந்து கேட்டால் அவன் மூன்று மடங்கு வெளிச்சத்தில் நிற்கிறான். ஒருவருக்கு மட்டும் சொன்னால் மற்ற இருவருக்கும் கோபம்.

எல்லாத் தகவலும் சுத்தமானது என்று நான் சொல்ல மாட்டேன். வலை வைக்கிற இடத்துச் சண்டையில், பங்காளிப் பகையில், பெண் கொடுக்காத கோபத்தில் போன் போடுகிறவர்கள் உண்டு. கடத்துகிறவனே தன் எதிரிக் கூட்டத்தைப் போட்டுக்கொடுப்பதும் உண்டு. இங்கே நாலு மூட்டையைப் பிடிக்க விட்டு, நீங்கள் அதைச் சுற்றி நிற்கிற நேரத்தில் இன்னொரு கரையில் நாற்பது மூட்டையை ஏற்றிவிடுவார்கள் என்பது கரையில் எல்லோரும் பேசிக்கொள்கிற விஷயம். ஆகவே ஒருவன் சொன்னதை இன்னொருவன் வழியாகச் சரி பாருங்கள், முன்பு இவன் சொன்னது எத்தனை தடவை பலித்தது என்று பாருங்கள். ஆனால் சரி பார்க்கிற சாக்கில் ஊரையே நிறுத்தி வைத்து விசாரிக்காதீர்கள். போர் நடந்த வருடங்களில் இந்தக் கரையில் ஒரு கேன் டீசல் வாங்கினாலும் யாருக்கு என்று கேட்டார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்குச் சீருடையைக் கண்டால் நாக்கு தானாக உள்ளே போய்விடும். அந்த நாக்கை வெளியே கொண்டுவர வருடங்கள் ஆகும், ஒரு ஜீப் ஒரே காலையில் அதைத் திருப்பி அனுப்பிவிடும்.

தங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் மண்டபம் கடலில் வீசப்பட்ட பொட்டலத்தை முக்குளித்துத் தேடி எடுத்தீர்கள், 17 கிலோவுக்கு மேல். அதே வருடம் மே கடைசியில் தொடங்கி ஜூன் முதல் தேதி வரை நடந்த வேட்டையில் இரண்டு படகுகளில் 32 கிலோவுக்கு மேல், 20 கோடி ரூபாய்க்குப் பக்கம். கடலுக்கு அடியில் கிடந்த பொட்டலத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற திறமைக்கு முன்னால் நான் கும்பிடுகிறேன். அந்த வருடம் தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதம். 2024 ஜூலையில் அதை 6 ஆகக் குறைத்தார்கள். அந்த 15 சதவீத லாபத்தை எண்ணியவன் படகில் இருந்திருப்பானா? படகில் இருந்தவன் கூலி. அந்தக் கூலி அவன் ஒரு மாதம் வலை இழுத்தாலும் கிடைக்காத காசு, ஆனால் 20 கோடிக்கு முன்னால் அது தூசு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அரசு நிவாரணம் தருகிறது, ஆனால் வட்டிக்காரன் 61 நாள் காத்திருப்பதில்லை. எதிர்க்கரையில் படகு பிடிபட்டுப் போன வீடுகளுக்கு வருடம் பூராவுமே தடைக்காலம். அந்த வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்பான். பொட்டலம் என்ன என்று கேட்காதே, நடுக்கடலில் கைமாற்றிவிட்டு வா என்பான். அப்படிப் போனவனை நியாயம் என்று சொல்ல வரவில்லை. கஞ்சா சுமந்தவன் குற்றவாளிதான். ஆனால் திட்டமிட்ட குற்றத்துக்கென்று 2024 ஜூலை முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவைப் பாருங்கள். கடந்த 10 வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை இருந்தால்தான் தொடர் சட்டவிரோதச் செயல் என்று அது கணக்கு வைக்கிறது. எங்கள் கரையில் குற்றப்பத்திரிகை யார் பெயரில் சேரும்? இரண்டு தடவை மாட்டிய படகுக்காரன் பெயரில். கடலில் கால் நனைக்காமல் ஏதோ ஓர் ஊரில் உட்கார்ந்து போன் பேசுகிறவன் மேல் ஒரு தாள்கூடச் சேராமல் போய்விடக்கூடும்.

சரக்கை உடனே பிடிக்காமல், கண்காணித்தபடியே போகவிட்டு, வாங்குகிறவன் வரை தொடர்ந்து போக உங்களுக்குச் சட்டமே வழி தந்திருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் 50ஏ, சுங்கச் சட்டத்தில் 2018-ல் சேர்த்த 109ஏ. கடலில் அது கஷ்டம், எல்லை தாண்டினால் அடுத்த நாட்டுக் கடற்படையோடு பேச வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் தரை வழியாக எங்கள் கரைக்கு வந்து சேருகிற சரக்கையாவது பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். லாரி எங்கே ஏற்றியது, குடோன் வாடகை யார் கட்டினார், படகுக்குப் புது எஞ்சின் வாங்கிய காசு யாருடையது. படகுக்காரனை மட்டும் பிடித்துப் போட்டால், அவன் இடத்துக்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரன் போவான். தகவல் சொன்னவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தானே நான் காட்டிக்கொடுத்தேன், பெரிய ஆளை ஒன்றும் செய்யவில்லையே என்று மனசு விட்டுப் போய் அடுத்த தடவை அவன் சொல்ல மாட்டான்.

இது மூட்டைக்கும் பொட்டலத்துக்கும் மட்டும் உள்ள விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1993-ல் மும்பையில் 257 பேரைக் கொன்ற வெடிமருந்து மகாராஷ்டிரத்தின் ராய்காட் கடற்கரையில்தான் இறங்கியது. வெள்ளியும் தங்கமும் இறக்கிப் பழகிய அதே கரை, அதே ஆட்கள், கண்ணை மூடிக்கொள்ளப் பழகிய அதே அலுவலர்கள். சுங்க அதிகாரிகளும் போலீஸ்காரர்களும் அந்த வழக்கில் தண்டனை பெற்றார்கள். 2008-ல் மறுபடி மும்பையில் தீவிரவாதத் தாக்குதல். குஜராத் மீன்பிடிப் படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடல் வழியாக வந்தார்கள். கொலாபாவில் ரப்பர் படகிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து நீங்கள் யார் என்று முதலில் கேட்டது அங்கே இருந்த மீனவக் குடியிருப்பு மக்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கும் பயோமெட்ரிக் அட்டை வந்தது, சாகர் கவாச் ஒத்திகை வந்தது. ஒத்திகை நாளில் தீவிரவாதி வேடம் போட்ட வீரர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி எங்களிடம்தான் கேட்கிறீர்கள், நாங்களும் சொல்கிறோம். அன்றைக்கு நாங்கள் உங்கள் கண், உங்கள் காது. மற்ற நாளிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஐஸ் எடுக்க ஒரு பையன் வந்தான். வயது இருபது இருக்கும். இரண்டு பார் போடச் சொல்லிவிட்டு மிஷின் சத்தத்தில் நின்றான். ஆட்கள் விலகிப் போனதும் மேஜைப் பக்கம் குனிந்து, “மாமா, ஒண்ணு பாத்தேன். யார்ட்ட சொல்லலாம்?” என்றான். நான் பில் எழுதுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். கேரளாவுக்குப் போனவன் முகம் கண்முன் வந்து நின்றது. அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் என்ன பார்த்தான் என்றுகூட நான் கேட்கவில்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியும், நாலு ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

நாளை சனிக்கிழமை, விசைப்படகு போகிற நாள். அவன் மறுபடி ஐஸுக்கு வருவான். அவனிடம் 1093 என்று சொல்லட்டுமா? சொன்னால் மறுமுனையில் எடுப்பவர் அவன் பெயரையும் அப்பா பெயரையும் வீட்டையும் கேட்பாரா? இதற்கு மட்டும் உங்களில் யாராவது ஒருவர் பதில் சொல்லுங்கள். நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனிக் கணக்குப்பிள்ளை
ராமநாதபுரம் கடற்கரை